உயிரினங்களுக்குப் பெயரிடுதலும் வகைப்படுத்துதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல் பெயர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே ஐயங்கள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன். பெயரிடுதலையும் வகைப்படுத்துதலையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதில்தான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன. பெயரிடுதலுக்கு எழுதப்பட்ட விதிகள் உண்டு. வகைப்படுத்துதல், கிடைத்த சான்றுகளை வைத்து எடுக்கப்படும் முடிவு. சான்று மாறினால் முடிவும் மாறும்.

1. புலிக்குப் புலி என்றே பெயர் இருக்கிறதே, ‘பாந்தெரா டைக்ரிஸ்’ எதற்கு?

வழக்குப் பெயர்கள் ஒரு மொழிக்குள், பல நேரங்களில் ஒரு வட்டாரத்துக்குள் மட்டுமே செல்லுபடியாகும். ஒரே செடிக்குப் பல பெயர்கள் வழங்குவதும், ஒரே பெயர் தொடர்பில்லாத பல செடிகளைக் குறிப்பதும் எல்லா மொழிகளிலும் உண்டு. புலியைப் பொறுத்தவரை இது பெரிய தொல்லையில்லை. ஆனால் ‘வண்டு’ என்னும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால், வண்டினங்களில் இதுவரை விவரிக்கப்பட்டவை மட்டும் மூன்றரை இலட்சத்துக்கு மேல். அவற்றில் மிகப் பெரும்பான்மையானவற்றுக்கு எந்த மொழியிலும் வழக்குப் பெயரே கிடையாது. அறிவியல் பெயர்தான் அவற்றின் ஒரே பெயர்.

2. அதென்ன, எல்லாவற்றுக்கும் சரியாக இரண்டே சொல்?

முன்பு அப்படி இருக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஒரு செடியின் பெயரே அதன் வருணனையாகவும் இருந்தது. இன்று ‘பிளான்டாகோ மீடியா’ எனப்படும் செடி, ‘முட்டையும் ஈட்டியும் கலந்த வடிவில் மயிரடர்ந்த இலைகளும், உருளை வடிவக் கதிரும், உருண்ட காம்பும் கொண்ட பிளான்டாகோ’ என்று பொருள்படும் நீண்ட இலத்தீன் தொடரால் குறிக்கப்பட்டது. இதே அடையாளங்களில் சில பொருந்துகிற இன்னொரு செடி கண்டுபிடிக்கப்பட்டால், இரண்டையும் பிரித்துக்காட்டத் தொடரை மேலும் நீட்ட வேண்டியிருந்தது.

சுவீடனைச் சேர்ந்த கார்ல் லின்னேயஸ் 1753-இல் வெளியிட்ட தாவர நூலில் இந்த நீண்ட தொடர்களை விட்டுவிடவில்லை. அவற்றின் பக்க ஓரத்தில் ஒரே ஒரு சொல்லையும் சேர்த்து அச்சிட்டார். பேரினத்தின் (நெருங்கிய சிற்றினங்களை உள்ளடக்கிய குழுவின்) பெயரோடு அந்த ஓரச்சொல்லைச் சேர்த்தால் ஆள வசதியான பெயர் கிடைத்தது. வருணனையை நூலில் வைத்துக்கொண்டு பெயரை வெறும் அடையாளமாக மட்டும் ஆக்கிய இந்த மாற்றத்தின் பயன் லின்னேயஸ் எதிர்பார்த்ததைவிடப் பெரியது. அவர் கண்ணில் அந்தத் தொடர்தான் உண்மைப் பெயர். ஓரச்சொல் ஒரு சுருக்க வசதி மட்டுமே. விலங்குகள் அனைத்துக்கும் இரு சொல் முறையை அவர் தமது ‘சிஸ்டமா நாச்சுரே’ நூலின் 1758-இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில் கையாண்டார். ஆகவே தாவரப் பெயர்களின் தொடக்கப் புள்ளி பொதுவாக 1753, விலங்குப் பெயர்களுக்கு 1758. அதற்கு முன் வைக்கப்பட்ட பெயர்களுக்கு இன்று உரிமை இல்லை.

3. இலத்தீன் தெரிந்தால்தான் பெயர் வைக்க முடியுமா? எழுதுவதில் என்ன முறை?

சொல் எந்த மொழியிலிருந்தும் வரலாம். கிரேக்கம், ஊர்ப் பெயர், ஆள் பெயர், பொருளற்ற எழுத்துக் கோவை என எல்லாம் ஏற்கப்படும். ஆனால் வந்த பிறகு அது இலத்தீன் இலக்கணத்துக்கு உட்பட்டு நடக்கும். சிட்டுக்குருவிக்கு லின்னேயஸ் வைத்த பெயர் ‘ஃப்ரிஞ்சில்லா டொமெஸ்டிகா’. பேரினம் பெண்பாற்சொல் என்பதால் இரண்டாம் சொல்லான அடைச்சொல்லும் பெண்பால் ஈறு பெற்றது. பின்னர் அது ‘பாஸர்’ என்னும் ஆண்பாற்பெயருள்ள பேரினத்துக்கு மாற்றப்பட்டபோது ‘பாஸர் டொமெஸ்டிகஸ்’ ஆனது.

உரோமன் எழுத்தில் பேரினப் பெயரின் முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்தாகவும், இரண்டு சொற்களும் சாய்வெழுத்திலும் எழுதப்படும். ‘டைக்ரிஸ்’ என்று இரண்டாம் சொல்லை மட்டும் தனியே எழுதினால் அது எந்த உயிரியையும் குறிக்காது.

4. உலகம், தொகுதி, வகுப்பு என்று மனப்பாடம் செய்தோமே, அந்தப் படிநிலைகளுக்கு உண்மையில் என்ன பொருள்?

புலியை வைத்தே பார்க்கலாம். அது விலங்குலகம், முதுகுநாணிகள் தொகுதி, பாலூட்டிகள் வகுப்பு, ஊனுண்ணிகள் வரிசை, ஃபெலிடே என்னும் பூனைக் குடும்பம், பாந்தெரா பேரினம் ஆகியவற்றுள் அடங்கும் ஒரு சிற்றினம். சிங்கம், சிறுத்தை, ஜாகுவார், பனிச்சிறுத்தை ஆகியவையும் பாந்தெராவில்தான் உள்ளன. ‘ஊனுண்ணிகள்’ என்பதை உணவுப் பழக்கமாக எடுத்துக்கொள்ளக் கூடாது: மூங்கில் தின்று வாழும் பாண்டாவும் இதே வரிசையைச் சேர்ந்ததே, ஏனெனில் வகைப்பாடு பார்ப்பது வம்சாவளியை.

ஒரு குடும்பத்துக்குள் இத்தனை பேரினங்கள் இருக்க வேண்டும், அது இத்தனை கோடி ஆண்டு பழையதாக இருக்க வேண்டும் என்றெல்லாம் எந்த அளவுகோலும் கிடையாது. பறவைகளில் ஒரு ‘குடும்பமும்’ பூச்சிகளில் ஒரு ‘குடும்பமும்’ ஒரே நிலைப் பெயரைப் பெற்றிருப்பதாலேயே ஒப்பிடத்தக்கவை ஆகிவிடுவதில்லை. எது எதற்குள் அடங்குகிறது என்பதே செய்தி. அந்த நிலைக்கு என்ன பெயர் என்பது பெரும்பாலும் மரபு. பள்ளிப் பாடம் இந்த இரண்டாவதையே அதிகம் வலியுறுத்துவது வருத்தத்துக்குரியது.

5. பெயருக்குப் பின்னால் ஒருவர் பெயரும் ஆண்டும் வருகிறதே, சில இடங்களில் அது அடைப்புக்குறிக்குள் இருப்பது ஏன்?

அது முதலில் பெயரை முறைப்படி வெளியிட்டவரையும் வெளியான ஆண்டையும் குறிக்கும். விலங்குகளில், அவர் வைத்த பேரினத்திலேயே இன்றும் அந்தச் சிற்றினம் இருந்தால் அடைப்புக்குறி இராது. வேறு பேரினத்துக்கு மாறியிருந்தால் இருக்கும். புலியை லின்னேயஸ் ‘ஃபெலிஸ் டைக்ரிஸ்’ என்றார். எனவே இன்று ‘பாந்தெரா டைக்ரிஸ் (லின்னேயஸ், 1758)’. தாவரங்களில் ஒரு கூடுதல் வழக்கம்: முதலில் பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள் வர, மாற்றியவரின் பெயர் அதற்குப் பின் வெளியே வரும்.

6. எனக்குத் தெரியாத ஒரு பூச்சி கிடைத்தால் நானே பெயர் வைக்கலாமா? என் பெயரையே வைக்கலாமா?

வைக்கலாம். பட்டமோ பதவியோ வேண்டும் என்று விதி எதுவும் சொல்வதில்லை. ஆனால் ‘எனக்குத் தெரியாதது’ என்பதற்கும் ‘அறிவியலுக்குத் தெரியாதது’ என்பதற்கும் இடையில்தான் உழைப்பு முழுவதும் இருக்கிறது: அந்தக் குழுவில் இதுவரை பெயரிடப்பட்டவற்றோடு ஒப்பிட்டு, எதிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதை எழுதி, மாதிரியைப் பாதுகாப்பான தொகுப்பில் வைத்து, விதிகள் ஏற்கும் முறையில் வெளியிட வேண்டும். 2012 முதல், உரிய நிபந்தனைகளோடு, மின்னிதழில் மட்டும் வெளியாகும் பெயர்களும் ஏற்கப்படுகின்றன. தாவரங்களுக்கு வருணனை இலத்தீனில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் அதே ஆண்டில் நீங்கியது. இலத்தீன் அல்லது ஆங்கிலம் போதும்.

தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, ஆனால் துறையில் அதை நாகரிகக் குறைவாகவே கருதுவார்கள்.

7. ‘வகைமாதிரி’ என்று ஒன்றை அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்களாமே, அதுதான் அந்த இனத்தின் சரியான உதாரணமா?

இல்லை, ‘மாதிரி’ என்ற சொல்லால் எழும் தவறான எண்ணம் இது. வகைமாதிரி சராசரியானதாகவோ சிறந்ததாகவோ இருக்கத் தேவையில்லை. அது ஒரு குஞ்சாக இருக்கலாம், ஒற்றைப் பல்லாகக்கூட இருக்கலாம். பெயரை ஒரு பருப்பொருளோடு பிணைத்து வைப்பதே அதன் வேலை. நாளைக்கு ஒரு சிற்றினம் உண்மையில் இரண்டு என்று தெரியவந்தால், பழைய பெயர் எந்தப் பாதிக்குச் சேரும் என்ற சண்டையை வகைமாதிரி தீர்த்துவிடும்: அது எந்தப் பக்கம் விழுகிறதோ, பெயரும் அந்தப் பக்கமே.

மனிதருக்கு லின்னேயஸ் எந்த மாதிரியையும் குறிப்பிடவில்லை. 1959-இல் வில்லியம் ஸ்டெர்ன் என்னும் தாவரவியலாளர், ‘ஹோமோ சேப்பியன்ஸ்’ என்ற பெயருக்கு லின்னேயஸையே வகைமாதிரியாகக் குறித்தார். உப்சாலா பேராலயத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பதால், மாதிரி எங்கே இருக்கிறது என்பதும் தெரிந்ததே.

பாக்டீரியாவுக்கு ஏற்பாடு வேறு. செத்த மாதிரி போதாது. உயிருள்ள வளர்ப்பை இரு வெவ்வேறு நாடுகளில் உள்ள இரு சேமிப்பகங்களில் ஒப்படைக்க வேண்டும். ஆய்வகத்தில் வளர மறுக்கும் எண்ணற்ற நுண்ணுயிரிகளுக்கு இதனால் முறையான பெயர் கிடைக்காமல் இருந்தது. மரபணுத்தொகுதியின் வரிசையையே வகைமாதிரியாக ஏற்கும் தனி விதித்தொகுப்பு ஒன்று 2022-இல் வெளியானது.

8. ஒரே உயிரிக்கு இருவர் தனித்தனியே பெயர் வைத்துவிட்டால்?

முந்தியது வெல்லும். ஓத்னியல் மார்ஷ் 1877-இல் ஒரு தொன்மாவுக்கு (டைனோசருக்கு) ‘அப்பாடோசாரஸ்’ என்றும், 1879-இல் இன்னொன்றுக்கு ‘பிராண்டோசாரஸ்’ என்றும் பெயரிட்டார். 1903-இல் எல்மர் ரிக்ஸ் இரண்டும் ஒரே பேரினம் என்று காட்டியதும், பிந்தைய பெயர் அறிவியல் வழக்கிலிருந்து விலகியது, மக்கள் வழக்கில் அதுவே நிலைத்திருந்தபோதிலும். 2015-இல் வெளியான விரிவான ஆய்வு இரண்டும் வெவ்வேறு பேரினங்களே என்று வாதிட்டது. அதை ஏற்பவர்களுக்குப் பிராண்டோசாரஸ் மீண்டும் செல்லும் பெயர். இதில் விதி எங்கும் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாறியது வகைப்பாட்டுக் கருத்து; பெயர் அதைப் பின்தொடர்ந்தது.

9. பெயரின் பொருள் தவறென்று தெரிந்த பிறகும் ஏன் திருத்துவதில்லை?

பெயர் வருணனை இல்லை என்று 2-ஆம் கேள்வியில் சொன்னதன் விளைவு இது. பெரிய சொர்க்கப் பறவையின் பெயர் ‘பாரடைசியா அபோடா’. ‘அபோடா’ என்றால் காலற்றது. அப்பறவைக்குக் கால் உண்டு. ஐரோப்பாவுக்கு வணிகத்தில் வந்த தோல்கள் கால்கள் நீக்கப்பட்டு வந்ததால், அது தரையிறங்காமலே வாழும் பறவை என்ற கதை பரவியிருந்தது. லின்னேயஸ் அதைப் பெயரில் பதித்துவிட்டார். ‘பசிலோசாரஸ்’ என்றால் பல்லி அரசன். உண்மையில் அது அழிந்துபோன ஒரு திமிங்கலம். ரிச்சர்டு ஓவன் அது பாலூட்டி என்று காட்டி, பொருத்தமான வேறு பெயரும் முன்மொழிந்தார். 1834-இன் பெயருக்கே முன்னுரிமை என்பதால் பல்லி அரசன் நீடிக்கிறான்.

இழிவான பெயர்களின் நிலை சிக்கலானது. ஸ்லோவேனியாவின் குகைகளில் வாழும் கண்ணில்லாத வண்டு ஒன்றுக்கு 1937-இல் ஹிட்லரின் பெயர் வைக்கப்பட்டது; அது இன்றும் செல்லுபடியாகும் பெயரே. ஒழுக்கக் காரணங்களுக்காகப் பெயர்களை நீக்கத் தொடங்கினால் நிலைத்தன்மை குலையும் என்பது விலங்குப் பெயரிடல் ஆணையத்தின் நிலைப்பாடு. தாவரவியலாளர்களோ 2024-இல் மாட்ரிட் மாநாட்டில், தென்னாப்பிரிக்காவில் இனவசையாகக் கருதப்படும் சொல்லிலிருந்து வந்த ‘காஃப்ரா’ வகை அடைச்சொற்களை ‘ஆஃப்ரா’ என மாற்ற வாக்களித்தார்கள். இருநூறுக்கு மேற்பட்ட பெயர்கள் இதனால் மாறின. ஓர் எழுத்தை எடுப்பதால் அடையாளம் குலையாது என்பதால் இது நிலைத்தன்மைக்கும் ஊறு செய்யாத தீர்வு என்பதே என் எண்ணம்.

10. நிலைத்தன்மை, நிலைத்தன்மை என்கிறீர்கள். பிறகு ஏன் தெரிந்த பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன?

இரு சொல் பெயரிலேயே ஓர் உள்முரண் இருக்கிறது. முதற்சொல் பேரினம், அதாவது வகைப்பாட்டு முடிவு. முடிவு மாறினால் பெயரின் பாதி மாறியாக வேண்டும். தக்காளியை லின்னேயஸ் 1753-இல் ‘சொலானம் லைகோபெர்சிகம்’ என்று உருளைக்கிழங்கின் பேரினத்தில் வைத்தார். பிலிப் மில்லர் அதைத் தனிப் பேரினமாகப் பிரிக்க, ‘லைகோபெர்சிகான் எஸ்குலெண்டம்’ என்ற பெயர் நெடுங்காலம் புழங்கியது. டி.என்.ஏ. ஆய்வுகள் தக்காளி சொலானத்துக்கு உள்ளேயே, உருளைக்கிழங்குக்கு நெருக்கமாக அமர்வதைக் காட்டியதும், லின்னேயஸின் பெயர் திரும்பிவந்தது.

மிகுந்த கசப்பை உண்டாக்கியது ‘அகேசியா’ வழக்கு. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட அப்பேரினத்தை உடைக்க வேண்டியதாயிற்று. விதிப்படி, பேரினத்தின் வகைச் சிற்றினமான, அதாவது பேரினப் பெயர் பிணைக்கப்பட்டிருக்கும் சிற்றினமான, கருவேல மரம் இருக்கும் பகுதிக்கே அகேசியா என்ற பெயர் போக வேண்டும். அப்படிச் செய்தால் ஆஸ்திரேலியாவின் ஏறத்தாழ ஆயிரம் சிற்றினங்களுக்குப் புதுப்பெயர் தேவைப்படும். 2005-இல் தாவரவியலாளர்களின் வியன்னா மாநாடு வகைச் சிற்றினத்தையே ஓர் ஆஸ்திரேலியச் சிற்றினமாக மாற்றிவைத்தது. 2011-இல் மெல்போர்ன் மாநாட்டிலும் அது நிலைத்தது. கருவேலம் ‘வாச்செல்லியா நிலோட்டிகா’ ஆயிற்று. எண்ணிக்கையால் பார்த்தால் ஆஸ்திரேலியர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் அகேசியா என்ற பெயர் தொடக்கத்திலிருந்தே குறித்துவந்த மரத்துக்கே அது இல்லாமல் போனதை ஆப்பிரிக்கத் தாவரவியலாளர் பலர் இன்னும் ஏற்கவில்லை.

11. நல்ல பாம்புக்கு ‘நாஜா நாஜா’ என்று ஒரே சொல் இரண்டு முறை வருகிறதே, அச்சுப்பிழையா?

பிழையில்லை, விலங்கு விதிகள் இதை அனுமதிக்கின்றன. லின்னேயஸ் வைத்த ‘கொலுபர் நாஜா’ பின்னர் நாஜா பேரினத்துக்கு மாறியபோது சொல் தானாகவே இரட்டித்தது. தாவர விதிகள் இதைத் தடுக்கின்றன. வேம்பை லின்னேயஸ் ‘மெலியா அசாடிராக்டா’ என்றார். அட்ரியன் டி ஜூசியூ 1830-இல் அதை ‘அசாடிராக்டா’ என்ற தனிப் பேரினமாக்கியபோது பழைய அடைச்சொல்லைத் தொடர முடியவில்லை. ‘அசாடிராக்டா இண்டிகா’ பிறந்தது இப்படித்தான்.

தாவர, விலங்கு விதித்தொகுப்புகள் ஒன்றையொன்று கட்டுப்படுத்துவதில்லை. ‘ஃபைகஸ்’ என்பது அத்திமரப் பேரினம். ஒரு கடல் நத்தைப் பேரினத்துக்கும் அதே பெயர்தான். இரண்டும் செல்லும்.

12. இனச்சேர்க்கை செய்து குட்டி போட்டால் ஒரே சிற்றினம், அவ்வளவுதானே?

எர்ன்ஸ்ட் மேயர் 1942-இல் நிலைப்படுத்திய உயிரியல் சிற்றினக் கருத்துக்கு இது நெருக்கமானது. ஆனால் அவர் சொன்னது இயற்கையில் தமக்குள் இனப்பெருக்கம் செய்துகொண்டு, பிற குழுக்களிலிருந்து இனப்பெருக்க அளவில் பிரிந்து நிற்கும் கூட்டங்களைப் பற்றி. குதிரைக்கு 64 குரோமோசோம்கள், கழுதைக்கு 62, இரண்டின் குட்டியான கோவேறு கழுதைக்கு 63; அது பொதுவாக மலடு. இந்த உதாரணம் பொருந்திவருவதால்தான் எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. பனிக்கரடியும் பழுப்புக்கரடியும் கூடினால் வளமான குட்டிகள் பிறக்கும், ஆயினும் அவற்றை இரு சிற்றினங்களாகவே கொள்கிறோம். பாலிலா முறையில் பெருகும் உயிரிகளிடமும், புதைபடிவங்களிடமும் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

திபெத்தியப் பீடபூமியைச் சுற்றி வாழும் ‘ஃபில்லோஸ்கோபஸ் ட்ரோக்கிலாய்டிஸ்’ என்னும் சிறு பறவையைப் பாருங்கள். தெற்கிலிருந்து மேற்காகவும் கிழக்காகவும் பீடபூமியைச் சுற்றிச் செல்லச் செல்ல, பாட்டும் இறகின் வரிகளும் சிறிது சிறிதாக மாறுகின்றன. இரு முனைகளும் சைபீரியாவில் சந்திக்கும் இடத்தில், ஒன்றின் பாட்டை மற்றொன்று பொருட்படுத்துவதில்லை; அங்கே அவை இரு சிற்றினங்களைப் போலவே நடந்துகொள்கின்றன. எந்த இடத்தில் கோடு கிழிப்பது?

கோடு எங்கே விழுகிறது என்பது ஏட்டோடு நிற்கும் செய்தி இல்லை. ஆப்பிரிக்க யானைகளை ஒரே சிற்றினமாகக் கணக்கிட்டபோது அவற்றின் நிலை ஒரு விதம். 2021-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் முதன்முறையாக, அடர்காடுகளில் வாழும் ‘காட்டு யானை’யையும் புல்வெளிகளில் வாழும் சவன்னா யானையையும் தனித்தனியே மதிப்பிட்டபோது, காட்டு யானை மிக அருகிய நிலையில் இருப்பது வெளிப்பட்டது.

13. திமிங்கலம் மீனில்லை, சரி. பறவை ஊர்வன என்று சொல்வது மிகையில்லையா?

லின்னேயஸே 1735-இல் திமிங்கலத்தை மீன்களோடு வைத்து, 1758-இல்தான் பாலூட்டிகளுக்கு மாற்றினார். இன்று அதற்கு மேலும் ஒரு படி: உயிரோடிருப்பவற்றில் திமிங்கலத்துக்கு மிக நெருங்கிய உறவு நீர்யானை.

வில்லி ஹென்னிக் 1950-இல் முன்வைத்த அணுகுமுறைப்படி, ஒரு குழு என்றால் ஒரு மூதாதையும் அதன் எல்லாச் சந்ததிகளும் சேர்ந்தது. பிடிக்காத சந்ததியை வெளியே விடக் கூடாது. முதலை பல்லியைவிடப் பறவைக்கே நெருங்கிய உறவு. எனவே முதலையையும் பல்லியையும் ‘ஊர்வன’ என்று ஒன்றாக வைத்துவிட்டுப் பறவையை மட்டும் நீக்கினால், நெருங்கிய உறவை விட்டுத் தூரத்து உறவைச் சேர்த்ததாகிறது. ‘மீன்’ நிலை இன்னும் மோசம்: நுரையீரல் மீன், சூரை மீனைவிட நமக்கே நெருக்கமானது. அன்றாடப் பேச்சில் மீன் என்று சொல்வதில் தவறேதுமில்லை. வம்சாவளிக் குழுவின் பெயராக மட்டும் அது நிற்காது.

14. உலகங்கள் மொத்தம் எத்தனை? ஐந்தா, ஆறா, மூன்றா?

இதற்கு விதித்தொகுப்பில் விடை இல்லை. முன்னுரையில் சொன்னபடி இது சான்றைப் பொறுத்தது. ஐந்துலகப் பிரிவு ராபர்ட் விட்டேக்கர் 1969-இல் முன்வைத்தது. 1977-இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டு, பாக்டீரியா என்று எண்ணப்பட்டவற்றுள் ஒரு பகுதி முற்றிலும் வேறான கிளை என்று கண்டார்கள். ஆர்க்கியா என இன்று அறியப்படுவது அது. 1990-இல் உலகங்களுக்கும் மேலான ‘டொமைன்’ என்ற நிலையில் பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா என மூன்று முன்மொழியப்பட்டன. 2015-இல் அறிவிக்கப்பட்ட லோக்கி ஆர்க்கியா என்னும் ஆர்க்கியா குழுவுக்குப் பிறகு, உட்கரு உடைய நாமெல்லாம் ஆர்க்கியாவுக்குள் இருந்தே கிளைத்தோம் என்ற கருத்து வலுப்பெற்று, மூன்று இரண்டாகும் நிலை வந்திருக்கிறது. பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கு நெருக்கமானவை என்பதில் மட்டும் இப்போது சர்ச்சை இல்லை.

15. டி.என்.ஏ. வந்துவிட்ட பிறகு இனி வகைப்பாட்டியலாளர் எதற்கு?

பால் ஹீபர்ட் 2003-இல் முன்வைத்த ‘டி.என்.ஏ. பார்கோடு’ முறையில், மைட்டோகாண்ட்ரியாவின் ஒரு மரபணுவில் சுமார் 650 எழுத்துகளைப் படித்து விலங்கை இனங்காணலாம். தாவரங்களில் அந்த மரபணு மிக மெதுவாக மாறுவதால் பசுங்கணிக மரபணுக்களை நாட வேண்டியிருக்கிறது. 2004-இல் கோஸ்டாரிகாவின் ‘அஸ்ட்ராப்டிஸ் ஃபல்ஜரேட்டர்’ என்ற வண்ணத்துப்பூச்சி இம்முறையால் பத்துச் சிற்றினங்கள் என அறிவிக்கப்பட்டது. புழுக்களின் நிறமும் அவை தின்னும் செடிகளும் அதற்குத் துணை நின்றன. அதே தரவுகளை மறுபடி ஆராய்ந்த இன்னொருவர் பத்துக்குச் சான்று போதாது என்றார். டி.என்.ஏ. வரிசை, வேறுபாட்டின் அளவைத் தரும். எவ்வளவு வேறுபாடு போதும் என்பதை அது சொல்வதில்லை.

16. வைரஸ் உயிரே இல்லை என்கிறார்களே, அதற்கும் இரு சொல் பெயர் உண்டா?

உண்டு, அண்மைக்காலமாக. வைரஸ்களுக்குத் தனிப் பன்னாட்டுக் குழு இருக்கிறது. சிற்றினங்களுக்கு இரு சொல் பெயர் வேண்டும் என்று அது 2021-இல் முறைப்படுத்தியது. கோவிட் நோயைத் தரும் சார்ஸ்-கோவ்-2 என்பது வைரஸின் பெயர். அது அடங்கும் சிற்றினம் ‘பீட்டாகொரோனாவைரஸ் பாண்டெமிகம்’. உயிருள்ளதா என்ற விவாதம் பெயரிடலைத் தடுப்பதில்லை.

17. பழ ஈயின் பெயர் மாறப்போகிறது என்று படித்தேன். ‘டிரோசோபிலா மெலனோகாஸ்டர்’ இனி அந்தப் பெயரில் இருக்காதா?

இப்போதைக்கு இருக்கும். மரபியல் ஆய்வுகளில் நூறாண்டுக்கு மேலாகப் பழகிய இந்த ஈ, ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட சிற்றினங்கள் கொண்ட ஒரு பேரினத்தில் இருக்கிறது. 13-ஆம் கேள்வியில் சொன்ன அளவுகோலில் அப்பேரினம் தேறாது, ஏனெனில் வேறு பேரினங்கள் சில அதற்குள்ளிருந்தே கிளைத்திருக்கின்றன. உடைத்தால், 7-ஆம் கேள்வியின் விதிப்படி டிரோசோபிலா என்ற பெயர் அதன் வகைச் சிற்றினமான ‘டிரோசோபிலா ஃபுனெப்ரிஸ்’ இருக்கும் பக்கம் போகும். மெலனோகாஸ்டர் ‘சோஃபோஃபோரா மெலனோகாஸ்டர்’ ஆகிவிடும்.

இதைத் தவிர்க்க, அகேசியாவில் செய்ததைப் போல மெலனோகாஸ்டரையே வகைச் சிற்றினமாக்கும்படி விலங்குப் பெயரிடல் ஆணையத்திடம் விண்ணப்பிக்கப்பட்டது. 2010-இல் ஆணையம் அதை மறுத்தது. ஆனால் பேரினத்தை உடைக்கும்படி யாரையும் கட்டாயப்படுத்தும் அதிகாரம் ஆணையத்துக்கு இல்லை. உடைக்காமல், உள்ளிருந்து கிளைத்தவற்றையும் டிரோசோபிலாவிலேயே சேர்த்துக்கொள்வதும் விதிக்கு உட்பட்டதே. பெரும்பாலான ஆய்வாளர்கள் பழைய பெயரையே தொடர்ந்து எழுதி வருகிறார்கள்.